எழுத்து ஆற்றும் காயம்

"மனதில் கிடப்பதை எழுதிவிட்டால் பாரம் குறையும் என்கிறார்களே, உண்மைதானா? அல்லது எழுத்தாளர்கள் தங்கள் பெருமைக்காகச் சொல்லிக்கொள்வதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். கண்டியில் இருக்கும் நான் இதற்கு விடை தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. இந்நகரில் பிறந்து, 2019 இல் மறைந்த ஜீன் அரசநாயகத்தின் எழுத்துகளைப் புரட்டினாலே போதும்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதால் நம்மவர் பலர் அவரைப் படித்ததில்லை. நட்டம் நமக்குத்தான். 1931 இல் ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, பேராதனையில் கற்று, யாழ்ப்பாணத் தமிழரான தியாகராஜா அரசநாயகத்தை மணம் முடித்தவர் அவர். கணவரும் எழுத்தாளரே. புகுந்த வீட்டில் அந்நியப் பெண்ணாக நின்ற வேதனை ஜீனின் எழுத்தில் உண்டு. ஆனால் 1983 ஜூலையில் வன்முறையாளருக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியவில்லை. பெயர் தமிழ்ப் பெயர், அவ்வளவுதான். கொழும்பில் மூண்ட தீ 26 ஆந் திகதி கண்டிக்கும் வந்தது. பேராதனை வீதியில் கடைகள் எரிந்தன. ஜீனின் குடும்பம் அகதி முகாமில் தஞ்சம் புகுந்தது.

அடுத்த ஆண்டே 'அப்பொகலிப்ஸ் 83' என்ற அவரது கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்த நூலென்று இதனை எண்ணிவிடக் கூடாது. வன்முறை நடந்த ஆண்டுகளையே வரிசையாகத் தலைப்பில் அடுக்கிய ஒரு கவிதை அவருக்கு உண்டு. முந்திய கலவரங்களின்போது தான் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றதையும், இன்று அது தன் வாசலுக்கே வந்த பின்னர்தான் வரலாறு தனக்குப் புரிவதையும் அதிலே அவர் தன்னிடமே கேட்டுக்கொள்கிறார். 'எனக்கு இப்படிச் செய்தார்களே' என்பதோடு நின்றிருந்தால் அது புலம்பல். 'நான் அப்போது எங்கே நின்றேன்' என்று கேட்டபோதுதான் காயம் ஆறத் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இதற்கு விஞ்ஞான ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். தம் வாழ்வின் பெருந்துயரை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரை நாடியது குறைந்திருந்தது. பின்னர் எழுத்துகளை ஆராய்ந்தபோது தெரிய வந்தது இன்னும் முக்கியமானது: நாளுக்கு நாள் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' என்பன போன்ற சொற்கள் கூடி வந்தவர்களுக்கே அதிக பயன் கிட்டியது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? நமது மலைநாட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சாவு வீட்டில் ஒருத்தி தொடங்க, மற்றவள் அதிலே தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுவாள். யாருக்காக அழுகிறாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது! பிறர் துயருக்கு மருந்தாவதென்பது இப்படித்தான் நடக்கிறது. ஆறுதல் சொல்ல வேண்டுமென்று எவரும் புறப்படுவதில்லை. அந்தத் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) செய்தது வெறும் சேகரிப்பு வேலை அன்று. ஜீனும் முகாமில் தன்னோடு இருந்த, எழுதாத பலருக்குமாகவே எழுதினார் எனலாம்.

ஆயினும் எழுத்தைச் சர்வரோக நிவாரணியாக்க நான் தயாரில்லை. யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி 1991 இல் தன் கவிதைகளைத் தீயிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. எஞ்சியவை தொகுக்கப்பட்டு நூலாயின. இன்றும் பலரைத் தொடுகின்றன. எழுதியவரை அவை காப்பாற்றவில்லை. தாங்க முடியாத துயரில் இருப்பவருக்குக் கொப்பியும் பேனாவும் மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வேண்டும், வைத்தியர் வேண்டும்.

அந்த நிலையில் இல்லாதவர்கள் முயன்று பார்க்கலாம். பென்னிபேக்கரின் வழியே எளிது. பதினைந்து நிமிடம், நான்கு நாள், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலையில்லை, எவரும் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனக்கக்கூடும். அந்த ஆய்வுகளிலும் அப்படித்தான் இருந்தது, அதற்காகப் பயப்பட வேண்டாம். நான்காம் நாள் முடிந்ததும் முதல் நாள் எழுதியதை எடுத்து வாசியுங்கள். அதில் இல்லாத ஒரு 'ஏன்' நான்காம் நாள் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.