எண்ணும் எழுத்தும் இணைத்த அறிஞர்

தொல்காப்பியம் எழுத்தின் தொகையைக் கூறியே தொடங்குகிறது. எண்ணி ஆராயும் அம்மரபை நம் காலத்தில் தொடர்ந்தவர், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988) ஆவார்.

வைகறையில் நம் பெண்டிர் வாசலில் இடும் கோலம் அவருக்கு ஆய்வுப்பொருளாயிற்று. ஒரு சிறு வடிவமும் அதனை வளர்க்கும் சில விதிகளும் இருப்பின், கோலம் எவ்வளவு பெரிதாகவும் விரியும். சில இலக்கண விதிகளால் எண்ணற்ற தொடர்கள் பிறப்பது போன்றதே இது. ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் இணைந்து இக்கருத்தை 1974இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அவ்விதிகளைக் கொண்டு கணிப்பொறியும் கோலம் வரைய இயலும்.

பல்லவர் சிற்பங்களில் காணப்படும் இசைக்கருவிகளையும் அவர் ஆராய்ந்தார். அச்சிட்ட தமிழெழுத்தைக் கணிப்பொறி அடையாளங்காணும் முறையை 1978இல் நண்பர்களுடன் வெளியிட்டார். அப்துல் ஹக் என்பாருடன் சேர்ந்து, சிந்துவெளிக் குறிகளுள் எவை அடிக்கடி இணைந்து வருகின்றன எனக் கணக்கிட்டு, அத்தொடர்களைப் பகுத்துக் காண முயன்றார்.

கணிப்பொறி தமிழ் மாணவர்க்கு உரியதன்று என ஒதுங்குவோர் இன்றும் உளர். இயந்திரம் எண்ணித் தரும். எதனை எண்ணுவது, எண்ணிக்கை எதனை உணர்த்துகிறது என்பவற்றை மொழியறிந்தவரே கூற இயலும். அப்பணி நம் மாணவர்க்காகக் காத்திருக்கிறது.