இருவரில் ஒருவர்

தேர்தல் நாளில் வாக்காளர் செய்யும் தெரிவில் பாதி, அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அபேட்சகர் யார் என்பதைக் கட்சிகள் தீர்மானிக்கின்றன. எஞ்சுவது இருவரில் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையே. "இருவரும் எனக்கு உடன்பாடில்லை, நான் ஏன் வாக்களிக்க வேண்டும்?" என்று கேட்போர் நம்மிடையே பலர். இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று.

மும்பையில் தமிழர் மிகுந்து வாழும் தாராவியும் செம்பூரும் தென்மத்திய மும்பை மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே அபேட்சகர் பலர் நின்றனர். மெய்யான போட்டியோ இருவருக்கிடையில்தான். ராகுல் ஷெவாலே, அனில் தேசாய் ஆகிய அவ்விருவரும் 2022இல் பிளவுற்ற சிவசேனையின் இரு கிளைகளைச் சேர்ந்தவர்கள். தேசாய் வென்றார். அவ்வாண்டு நவம்பரில் செம்பூர்ச் சட்டமன்றத் தொகுதியில் மற்றக் கிளையின் துக்காராம் காதே வென்றார்.

இந்நிலைக்குக் காரணம் யாது? நம் முறையில் வெற்றிக்குப் பாதி வாக்குத் தேவையில்லை. பிறரைவிட ஒரு வாக்கு மிகுந்தால் போதும். ஆகவே, மூன்றாமவருக்கு இட்ட வாக்கு வீணாகும் என்று மக்கள் அஞ்சுகின்றனர். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் இதனை விளக்கினார். தமிழ்நாட்டில் 1977 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்கள் அனைத்திலும் இரு கழகங்களுள் ஒன்றே ஆட்சி பெற்றது.

சுப்ரீம் கோர்ட் 2013இல் அளித்த தீர்ப்பினால் 'எவருமில்லை' என்னும் பொத்தான் வந்தது. 2019இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் ஊரகத் தொகுதியில் அது இரண்டாமிடம் பெற்றது. எனினும், அது முதலிடம் பெற்றாலும், அபேட்சகருள் மிகுந்த வாக்குப் பெற்றவரே வென்றவராவார். அது அதிருப்தியைப் பதிவு செய்யும், ஆட்சியைத் தடுக்காது.

வீட்டிலிருப்பவர் இருவரையும் நிராகரிப்பதில்லை. தம் பங்கைப் பிறரிடம் ஒப்படைக்கிறார். தாராவி மறுநிர்மாணத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்பினருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. ஒரு தேதி ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே மாற்றுகிறது. அத்தகைய தேதியை வகுப்பது அரசாங்கம்; அரசாங்கத்தை அமைப்பது வாக்கு.

நாம் செய்யக்கூடியது என்ன? அபேட்சகர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் குற்ற வழக்கு, சொத்து, கல்வி ஆகிய விவரங்கள் உள்ளன; அவற்றைப் படிக்கலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீடு, தண்ணீர், பள்ளி பற்றித் திட்டமான விடை கேட்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, கட்சிகள் அபேட்சகரைத் தேடும் மாதங்களிலேயே பேட்டைச் சங்கங்களின் வாயிலாக நம் கருத்தைத் தெரிவிக்கலாம். குறைகளில் சிறியதைத் தெரிவதும் தெரிவுதான். அடுத்த முறை நல்லவர் இருவர் நிற்கும்படி செய்வது, இடைப்பட்ட ஐந்தாண்டுகளின் வேலை.