“எங்களைக் காப்பாத்துங்க!” போர்க்களத்தில் இருந்து கதறல்: சூடானில் சிக்கிய குடும்பங்கள் தப்பி வந்தது எப்படி?

பீர்க்கன்கரணை,

ராத்திரி 12 மணிக்கு போன் அடிக்கிறது. வெளிநாட்டு நம்பர். எடுத்தால் மகள் அழுகிறாள். பின்னால் வெடிச் சத்தம்.

“அப்பா, எல்லாரும் கீழ்த் தளத்துல ஒளிஞ்சிருக்கோம். கரண்ட் இல்லை. தண்ணி இன்னைக்கு ராத்திரியோட சரி. யார்கிட்டயாவது சொல்லுப்பா.”

அதோடு லைன் கட்!

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெரு ஒன்றில் இப்படி ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் அந்தத் தகப்பன் எங்கே ஓடுவான்? போலீஸ் ஸ்டேஷனுக்கா? தாம்பரம் மாநகராட்சி ஆபீசுக்கா? கவுன்சிலர் வீட்டுக்கா?

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியாவில் பல வீடுகள் இந்தக் கேள்வியோடு விழித்திருந்தன. சூடான் நாட்டில் சிக்கிய சொந்தக்காரர்களுக்காக.

சனிக்கிழமை காலையில் தொடங்கிய சண்டை

ஆப்பிரிக்காவில் எகிப்துக்குக் கீழே இருக்கிறது சூடான். தலைநகர் கார்ட்டூம். நைல் நதிக்கரை நகரம்.

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ரம்ஜான் நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள். காலையிலேயே நகரத்துக்குள் துப்பாக்கிச் சண்டை வெடித்தது.

ஒரு பக்கம் ராணுவத் தளபதி புர்ஹான். எதிர்ப்பக்கம் “ஆர்.எஸ்.எப்.” என்ற துணைப்படையின் தலைவர் ஹமேத்தி. முன்பு இருவரும் கைகோத்து ஆட்சியைப் பிடித்தவர்கள்தான். பிறகு நாற்காலித் தகராறு. அதற்கு ஊர் ஜனங்கள் பலி.

எல்லைச் சண்டையாக இருந்தால் ஊருக்குள் இருப்பவன் தப்பிக்கலாம். இதுவோ தெருவுக்குத் தெரு நடந்த சண்டை. வீட்டு வாசலில் மெஷின் கன் வண்டி. தலைக்கு மேலே போர் விமானம். விமான நிலையம் முதல் நாளே மூடப்பட்டுவிட்டது.

அப்போது அங்கே சுமார் 3 ஆயிரம் இந்தியர்கள் இருந்தார்கள். இன்ஜினீயர்கள், பேக்டரித் தொழிலாளர்கள், வாத்தியார்கள், வியாபாரிகள். பெண்டாட்டி, பிள்ளைகளோடு இருந்தவர்களும் உண்டு. இவர்கள் போக, பல தலைமுறைக்கு முன்பே குஜராத்தில் இருந்து போய்க் கடை வைத்து, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள் ஒரு ஆயிரம் பேருக்கு மேல்.

ஜன்னல் அருகே பாய்ந்த குண்டு

முதல் நாளே ஒரு இந்தியரின் உயிர் போனது.

அவர் கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர். கார்ட்டூமில் ஒரு கம்பெனியில் வேலை. மனைவியும் மகளும் ஊரில் இருந்து அவரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

வீட்டு ஜன்னல் அருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ வந்த குண்டு பாய்ந்தது. உயிர் பிரிந்தது.

உடலை எடுக்க ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க முடியவில்லை. உடல் வீட்டுக்குள்ளேயே கிடக்க, தாயும் மகளும் கட்டிடத்தின் கீழ்த் தளத்தில் போய் ஒளிந்தார்கள். அங்கிருந்துதான் உதவி கேட்டு அந்தத் தாய் கதறினார். உடலை அங்கிருந்து அகற்றுவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆனது.

தூதரகம் என்ன செய்தது என்று கேட்கலாம். இந்தியத் தூதரகம் இருந்த இடம் விமான நிலையத்துக்குப் பக்கம். சண்டை உச்சத்தில் இருந்ததே அங்கேதான். தூதரக ஊழியர்களே கட்டிடத்துக்குள் போக முடியாமல் ஆளுக்கு ஒரு இடத்தில் முடங்கிக் கிடந்தார்கள். போனும் வாட்ஸ்அப்பும்தான் ஆபீஸ்.

“வெளியே வராதீர்கள். இருக்கிற உணவையும் தண்ணீரையும் பார்த்துச் செலவழியுங்கள்” என்பதுதான் முதல் வாரம் முழுக்க அவர்களால் சொல்ல முடிந்தது. சரியான யோசனைதான். ஆனால் பிரிட்ஜில் ஒன்றும் இல்லாத வீட்டுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

தேர்தல் மேடை ஏறிய முறையீடு

இதற்கிடையே கர்நாடகத்தில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

“ஹக்கி பிக்கி” என்ற பழங்குடி மக்கள். மூலிகை எண்ணெய், நாட்டு மருந்து விற்று ஊர் ஊராகப் போகிறவர்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் குடும்பத்தோடு சூடானில் சிக்கினார்கள். அதுவும் தலைநகரில் இல்லை. மேற்குக் கோடியில் எல் பாஷர் என்ற ஊரில்!

31 பேர் உணவில்லாமல் தவிக்கிறார்கள், உடனே காப்பாற்றுங்கள் என்று ஏப்ரல் 18-ந் தேதி சித்தராமையா பகிரங்கமாகக் கேட்டார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். மே 10-ந் தேதி கர்நாடகத்தில் சட்டசபைத் தேர்தல். “இதில் அரசியல் செய்யாதீர்கள்” என்று வெளியுறவு மந்திரி ஜெய்சங்கர் பதிலுக்குச் சாடினார். இரண்டு நாள் அதுவே செய்தி.

சண்டை போட்டது இரண்டு தலைவர்கள். ஆனால் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. எல் பாஷர் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த ஜனங்கள் கடைசியில் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள்.

பட்டியலில் பெயர் உண்டா?

கதறலைக் கேட்டதும் விமானம் பறந்து போய்விடாது. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறையைத் திறந்தது. தமிழக அரசும் உதவி மையம் வைத்தது. போன்கள் குவிந்தன. ஆனால் “என் மகன் சூடானில் இருக்கிறான், காப்பாற்றுங்கள்” என்று மட்டும் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் எதை எழுதிக்கொள்வார்?

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர். பாஸ்போர்ட் நம்பர். எந்தத் தெரு, பக்கத்தில் என்ன பெரிய கட்டிடம். கூட எத்தனை பேர், அதில் குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா. அங்கே இரண்டு போன் நம்பர். கடைசியாக எத்தனை மணிக்குப் பேசினார்கள். இவ்வளவும் இருந்தால்தான் ஒரு குடும்பம் பட்டியலில் ஒரு வரியாக ஏறும். எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எந்த இடத்துக்கு எத்தனை பஸ் என்று கணக்குப் போட முடியும்.

இன்னொரு விவகாரமும் உண்டு. பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் பாஸ்போர்ட்டில் “இ.சி.ஆர்.” என்று இருக்கும். இ.சி.ஆர். என்றதும் நம்ம ஆட்கள் மகாபலிபுரம் ரோட்டை நினைப்பார்கள். இது வேறு. இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சூடான், ஏமன், லிபியா, ஈராக், குவைத் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். அந்தப் பதிவின்போதே 10 லட்சம் ரூபாய் இன்சூரன்சும் உண்டு. பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

“அதெல்லாம் எதுக்கு தம்பி, விசிட் விசாவில் போய்டலாம்” என்று சொல்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அப்படிப் போனவனுக்கு இன்சூரன்ஸ் இல்லை. அவன் எந்தக் கம்பெனியில், எந்த ஊரில் இருக்கிறான் என்று அரசாங்கத்தின் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சண்டை வந்தால் அவனைத் தேடுவது எப்படி?

850 கிலோ மீட்டர் பஸ் பயணம்

ஏப்ரல் 24-ந் தேதி மீட்பு வேலை ஆரம்பம் என்று அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் “காவேரி”.

அதே இரவில் இருந்து 72 மணி நேரம் சண்டை நிறுத்தம். அமெரிக்காவும் சவுதியும் பேசி வாங்கிய அவகாசம். பேருக்குத்தான் நிறுத்தம், அங்கங்கே வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த இடைவெளியில் ஜனங்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

கார்ட்டூமில் விமானம் இறங்க முடியாது. செங்கடல் ஓரம் உள்ள போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போனால்தான் கப்பல். தூரம் சுமார் 850 கிலோ மீட்டர். பெருங்களத்தூரில் பஸ் ஏறி கன்னியாகுமரி போய்ச் சேருகிற தூரத்தை விட அதிகம்! வழி நெடுக பாலைவனம். செக்போஸ்ட் வருகிற இடமெல்லாம் துப்பாக்கியோடு ஆட்கள். எந்தத் தரப்பு ஆள் என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும்.

சில பஸ்களைத் தூதரகம் ஏற்பாடு செய்தது. சில இடங்களில் ஜனங்களே கூட்டுச் சேர்ந்து பஸ் பிடித்தார்கள். டீசலுக்குத் தட்டுப்பாடு. வாடகை பல மடங்கு ஏறியது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது அவரவர் பாடு. அந்த ஒன்றிரண்டு கிலோ மீட்டர்தான் பலருக்குப் பெரிய கண்டமாக இருந்தது.

கைப்பை ஒன்று. அவ்வளவுதான். டி.வி., பீரோ, பாத்திரம் எல்லாம் அங்கேயே.

துறைமுகத்தில் “ஐ.என்.எஸ். சுமேதா” என்ற நம் கடற்படைக் கப்பல் நின்றது. முதல் தடவையாக 278 பேரை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 25-ந் தேதி கிளம்பியது. செங்கடலைக் கடந்தால் எதிர்க்கரையில் சவுதியின் ஜெட்டா. அங்குள்ள இந்தியப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து, சாப்பாடு போட்டு, அங்கிருந்து விமானத்தில் அனுப்பினார்கள். மத்திய இணை மந்திரி முரளீதரன் ஜெட்டாவில் இருந்து கவனித்துக்கொண்டார்.

விளக்கில்லாத ஓடுபாதை

துறைமுகத்துக்கு வரவே வழியில்லாமல் 121 பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்.

ஏப்ரல் 27-ந் தேதி இரவு. கார்ட்டூமுக்கு வடக்கே சுமார் 40 கிலோ மீட்டரில் வாடி சயீத்னா என்ற சின்ன ஓடுபாதை. விளக்கு கிடையாது. பெட்ரோல் கிடையாது. “இறங்கலாம்” என்று சொல்ல ஆளும் கிடையாது.

நம் விமானப்படையின் சி-130 விமானம் கும்மிருட்டில் அங்கே இறங்கியது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு விமானிகள் இறக்கினார்கள். இன்ஜினை நிறுத்தவே இல்லை. கருடா கமாண்டோக்கள் இறங்கிக் காவல் நிற்க, 121 பேரையும் ஏற்றிக்கொண்டு அப்படியே மேலே கிளம்பியது!

தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானங்களை அன்றாடம் அண்ணாந்து பார்க்கிற நம்ம பகுதி ஜனங்களுக்கு விளக்கில்லாமல் இறங்குவது என்றால் என்ன என்று விளக்கவேண்டியதில்லை.

மே 5-ந் தேதியோடு வேலை முடிந்தது. மீட்கப்பட்டவர்கள் மொத்தம் 3,862 பேர்.

அன்று குவைத்

வயதானவர்களுக்கு இது பழைய ஞாபகத்தைக் கிளறியிருக்கும். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே இருந்த இந்தியர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம். போன் கிடையாது. கடுதாசி கிடையாது. வீட்டில் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானம். 59 நாளில் 488 தடவை பறந்தார்கள். அப்போதும் பட்டியல்தான் கதி. குவைத்தில் இருந்த இந்தியர்களே உட்கார்ந்து பெயர் எழுதினார்கள்.

இன்று கையில் போன் இருக்கிறது. அழுகையை வீடியோவாக எடுத்து அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் ஆயிரம் பேர் பகிர்ந்த வீடியோவில் பாஸ்போர்ட் நம்பர் இருக்காது. அதற்குப் பதிலாக வீட்டு விலாசம் பளிச்சென்று தெரியும், வீடு புகுந்து கொள்ளையடிக்கிறவனுக்கு வசதியாக!

ஆகவே வீடியோ ஒரு பக்கம் இருக்கட்டும். பீர்க்கன்கரணைத் தகப்பன் முதலில் போட வேண்டிய போன், வெளியுறவு அமைச்சகத்துக்கும் அந்த நாட்டுத் தூதரகத்துக்கும். அடுத்து, எழுத்தில் மனு. செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசிலும், சென்னையில் உள்ள வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறையிலும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். எம்.பி.யிடம் ஒரு காப்பி. மகனோ மகளோ விமானம் ஏறும் முன்பே பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டால் அன்றைக்குத் தேட வேண்டியதில்லை.

மீனம்பாக்கம் வந்தும்...

சூடானில் இருந்து வந்த தமிழர்கள் டெல்லி போன்ற ஊர்களில் இறங்கி, அங்கிருந்து தமிழக அரசு செலவில் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தார்கள். மீனம்பாக்கத்துக்கும் பீர்க்கன்கரணைக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். தென் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஆனால் எல்லாருக்கும் உடனே வீட்டு வாசலை மிதிக்கக் கொடுத்து வைக்கவில்லை. சூடான், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. ஊசி போட்ட அட்டை இல்லாமல் வந்தால் 6 நாள் தனியே வைக்க வேண்டும் என்பது சட்டம். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவர்களில் எத்தனை பேர் அந்த அட்டையைத் தேடி எடுத்து வந்திருப்பார்கள்? பெங்களூரில் இறங்கியவர்களில் சிலரை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

ஹக்கி பிக்கி குடும்பங்கள் விட்டுவந்த எல் பாஷர், 18 மாத முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபரில் துணைப்படையிடம் விழுந்தது.

கீழ்த் தளத்தில் ஒளிந்திருந்த கேரளத்துத் தாயும் மகளும் ஏப்ரல் 27-ந் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். அவர் உடல் அப்போது கூட வரவில்லை. அது ஊர் வந்து சேர மே மாதம் ஆயிற்று.