கிராணி பார்க்கலாம், திருத்தலாமா?

லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்ட ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெரட்டுப் பெயர்களும் சம்பளக் கணக்கும் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பில் இருக்கின்றன. கிராணி வருகையைப் பதியலாம். சம்பள விகிதத்தைத் தொடக்கூடாது. எப்படித் தடுப்பது?

அக்சஸின் பழைய எம்டிபி கோப்புகளில் வழி இருந்தது. யார் எந்தக் குழு என்பது தனிக் கோப்பில். எந்தக் குழுவுக்கு எந்த அட்டவணை என்பது தரவுத்தளத்துக்குள். அனுமதியை ஆளுக்குத் தராமல் குழுவுக்குத் தருவது ஏன்? கிராணி மாறினால் குழுவில் பெயரை மாற்றினால் போதும்.

பலர் சறுக்கியது வேறிடத்தில். ‘அட்மின்’ என்ற பயனர் எல்லா அக்சஸிலும் ஒரே ஆள். எல்லாப் பயனரும் ‘யூசர்ஸ்’ குழுவில் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள். ஒருவரின் உரிமை என்பது அவருடையதும் அவர் குழுக்களுடையதும் சேர்ந்த கூட்டு. ‘யூசர்ஸ்’ குழுவுக்கு விட்டுவைத்த அனுமதி வேறு அக்சஸிலிருந்து ‘அட்மின்’ ஆக வருபவருக்கும் கிடைக்கும்; முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான்.

2007 பதிப்பில் வந்த ஏசிசிடிபி கோப்பில் இந்த ஏற்பாடே இல்லை. மிஞ்சியது முழுக் கோப்புக்கும் ஒரே கடவுச்சொல். படிவத்தில் பொத்தானை மறைப்பதெல்லாம் கண்கட்டு வித்தை. சம்பள அட்டவணையைத் தனிக் கோப்பாக்கி, விண்டோஸ் கோப்புறை அனுமதியால் பூட்டுங்கள். முடிந்தால் எஸ்கியூஎல் சர்வருக்கே கொண்டுபோய்விடுங்கள்.