ஒதுக்கு நிலங்களிலே துப்பறியும் தலைவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே சமஷ்டி அரசாங்கத்தாரால் அங்கீகரிக்கப்பெற்ற ஆதிக்குடி இனங்கள் 570க்கும் மேற்பட்டன. அவர்களை அந்நாட்டுச் சட்டநூல்கள் இன்றும் ‘இந்தியர்’ என்றே வழங்கும். கொலம்பஸ் திசை மயங்கி இட்ட பெயர் அது. அச்சட்டங்களைப் படிக்கும் நம்மவர் தம்மைக் குறித்ததாகக் கொள்ளாதிருப்பாராக. இவ்வினத்தார் வாழும் ஒதுக்கு நிலங்களில் நிகழும் குற்றங்களைத் துப்பறிவோர்க்குத் தலைவராய் அமர்த்தப்படுபவர் யாவர், அவர்க்கு வேண்டும் தகுதிகள் யாவை என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அவ்வுத்தியோகத்தின் அருமை விளங்க வேண்டுமாயின் ஒரு பழைய வழக்கை அறிதல் வேண்டும். 1881ஆம் ஆண்டில் லக்கோட்டா இனத்தவரான குரோ டாக் என்பவர் தம்மினத் தலைவர் ஸ்பாட்டட் டெயில் என்பவரைச் சுட்டுக் கொன்றார். இரு குடும்பத்தாரும் தம் குல வழக்கப்படி பணமும் குதிரைகளும் கொடுத்து வாங்கிச் சமாதானமாயினர். வெள்ளையர் கோர்ட்டோ அவரைப் பிடித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. 1883இல் சுப்ரீம் கோர்ட்டார், ஓரினத்தார் தமக்குள் செய்துகொண்ட குற்றத்தை விசாரிக்க அக்கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று கூறி அவரை விடுவித்தனர். இத்தீர்ப்பால் வெகுண்ட காங்கிரஸ் மகாசபையார் 1885இல் பெருங்குற்றச் சட்டம் இயற்றிக் கொலை முதலியவற்றைச் சமஷ்டி அரசின் கீழ்க் கொணர்ந்தனர். அச்சட்டமே இன்றும் நிற்கின்றது.

ஆகவே ஒதுக்கு நிலத்தில் ஒருவன் கொலையுண்டு கிடப்பின், கொன்றவன் யார் என்பதோடு, அவன் ஆதிக்குடியினனா, இறந்தவன் ஆதிக்குடியினனா, நிலம் எவ்வகைத்து என்பனவும் உடனே எழும் வினாக்களாம். கொன்றவன் ஆதிக்குடியினனாயின் வழக்குச் சமஷ்டி அரசினது. இருவரும் அயலாராயின் ராஜ்யத்தினது. கொன்றவன் அயலானும் இறந்தவன் ஆதிக்குடியினனும் ஆயின், 2022இல் பிறந்த ஒரு தீர்ப்பின்படி இரண்டு அரசும் வழக்காடலாம். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலிபோர்னியா முதலிய சில ராஜ்யங்களுக்கு வேறு முறையும் உண்டு. இவற்றையெல்லாம் ஏட்டளவில் அறிந்தால் போதாது. குற்றவாளி ஆதிக்குடியினன் என்பதையே ஜூரிமார் முன் சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான சான்று கட்டில் இல்லையாயின், கண்ணால் கண்ட சாட்சி பத்துப்பேர் இருப்பினும் வழக்கு நில்லாது. 2020இல் ஒக்லஹோமாவிலே மஸ்கோகி இனத்தாரின் ஒதுக்கு நிலம் ஒருநாளும் கலைக்கப்படவில்லை எனத் தீர்ப்பானபோது, அந்த ராஜ்யத்தார் நடத்திய பழைய வழக்குகள் சிலவும் ஆட்டங்கண்டன.

இனித் தகுதிகளைக் கூறுவாம். இந்தியர் விவகாரப் பணியகத்தில் இப்பதவிக்கு அந்நாட்டுப் பிரஜையாயிருத்தல், தேக சோதனை, நடத்தை விசாரணை ஆகியன இன்றியமையாதன. மனைவி மக்களை அடித்த சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி தாங்கலாகாது; தாங்கலாகாதவன் இவ்வேலைக்கும் ஆகான். முதன்முதல் சேர்வோர் பொதுவிதிப்படி 37 வயதை எட்டியிருத்தலாகாது, விதிவிலக்குகளும் உள. ஆதிக்குடியினர்க்கு 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னுரிமை உண்டு. 1974இல் சுப்ரீம் கோர்ட்டார் அதனை நிலைநாட்டினர்.

நம் மாணவர் கருத்தில் கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. கலாசாலைப் பட்டம் கீழ்ப்படிகளிலே உதவும்; மேற்படிக்கு உதவாது. அதற்கடுத்த கீழ்ப்படியில் ஓராண்டேனும் கடுங்குற்றங்களை நேரில் துப்பறிந்த அனுபவமே கேட்கப்படும். தடயம் காத்தல், சாட்சியை விசாரித்தல், வாரண்டுக்குப் பிரமாணப் பத்திரம் எழுதுதல், கோர்ட்டில் சாட்சி சொல்லுதல் ஆகியன அவ்வனுபவத்துள் அடங்கும். ஜார்ஜியா ராஜ்யத்திலும் நியூ மெக்ஸிகோவின் ஆர்ட்டீஷியாவிலும் பயிற்சிக் கூடங்கள் உள்ளன.

தலைவரானவர் தாமே எல்லா இடத்துக்கும் ஓடார். நவஹோ நாடு ஒன்றே மூன்று ராஜ்யங்களிற் பரந்து 27,000 சதுர மைலுக்கு மேற்பட்டது, ஆள் சிலரே. எவரை எங்கே அனுப்புவது என்று தீர்மானித்தலும், இனத்தாரின் சொந்தப் போலீஸாரோடும் எப்.பி.ஐ.யாரோடும் இணங்கி நடத்தலும், கீழுள்ளோர் எழுதிய அறிக்கையைக் குறையறப் படித்துத் திருத்துதலும் அவர் கடன். கடைசியாகச் சொன்னதே, என் கருத்தில், முதன்மையானது. ஏனெனில் சமஷ்டி வக்கீல் கட்டைப் படித்து, ‘சாட்சியம் போதாது’ என்று மறுத்துவிட்டால், மிஞ்சுவது இனத்தாரின் கோர்ட்டு. அது 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குற்றத்துக்கு ஆறு மாதமும், 1986 முதல் ஓராண்டும், 2010இன் பின் சில நிபந்தனைகளோடு மூன்றாண்டுமே சிறை விதிக்கலாகும். மகளை இழந்த தாய்க்குக் கொலைக்கான தீர்ப்புக் கிடைக்குமா, சில்லறைத் தண்டனையே கிடைக்குமா என்பது பெரும்பாலும் அக்கட்டைப் பொறுத்தது. காணாமற்போன, கொலையுண்ட ஆதிக்குடி மக்களின் வழக்குகளுக்கென்றே 2021இல் அப்பணியகத்தில் ஒரு தனிப்பிரிவு ஏற்படுத்தப்பட்டது. பல்லாண்டு தூங்கிய கட்டுகள் அதனிடம் மீண்டும் அவிழ்க்கப்படுகின்றன.