பும்ரா ஏன் ஆடவில்லை? ரயில் பெட்டியில் தீராத வழக்கு!

நாகர்கோவில்:

வாதி, பிரதிவாதி இரண்டு பேருமே நம்ம ஊர்க்காரர்கள். கூண்டில் நிற்பவர் மட்டும் அகமதாபாத்காரர். பெயர் ஜஸ்பிரித் பும்ரா. தொழில் பந்து வீசுவது. குற்றச்சாட்டு: முதுகைக் காரணம் காட்டி இந்திய அணியை நட்டாற்றில் விட்டது!

கோர்ட்டு எங்கே என்கிறீர்களா? நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் காலை ரயில்தான். இரணியலில் தொடங்கும் விசாரணை குழித்துறையில் சூடு பிடிக்கும். பாறசாலை வரும்போது இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் வடசேரி பஸ் நிலையத்து டீக்கடையிலும் கோட்டாறு கடைத்தெருவிலும் அப்பீல்!

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. மொத்தம் 5 டெஸ்ட். நம்ம ஊர் நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கி, ராத்திரி 11 மணி வரை இழுக்கும். கடைக்காரர்களுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. கல்லாவில் ஒரு கண், செல்போனில் ஒரு கண்!

பும்ரா 3 டெஸ்டில் மட்டும்தான் ஆடுவார் என்று தொடர் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கேப்டன் பதவி வேண்டாம் என்றதற்கும் உடம்பு தாங்காது என்பதையே காரணமாகச் சொன்னார் பும்ரா. அதை அவரிடம் பேட்டி கண்டு வாங்கியவர் நம்ம தினேஷ் கார்த்திக்.

முதல் டெஸ்ட் லீட்ஸில். பும்ரா முதல் இன்னிங்சில் 5 விக்கெட். ஆனாலும் இந்தியா தோற்றது. இரண்டாவது டெஸ்டுக்கு நடுவே ஒரு வாரம் இடைவெளி. பர்மிங்காமில் பும்ரா இறங்கவில்லை. அங்கேதான் பிடித்தது தீ!

"எந்த ஊரு முதுகு?"

"லேய், ஐ.பி.எல்.னா முதுகு வலிக்காதாம். நாட்டுக்குன்னா மட்டும் வலிக்குமாம். இது எந்த ஊரு முதுகுலே?" இது வாதி கட்சி.

"அண்ணாச்சி, ஐ.பி.எல்.ல ஒரு நாளைக்கு நாலு ஓவர். இருபத்திநாலு பந்து. டெஸ்டுல அது கை நனைக்குற நேரம். கணக்கு தெரியாம பேசப்பிடாது!" இது பிரதிவாதி கட்சி.

"ஒரு வாரம் சும்மாதானே இருந்தாரு? அப்பவும் ஓய்வா?" என்று வாதி விடமாட்டார். இந்தக் கேள்வியை டெலிவிஷனில் ரவி சாஸ்திரியே கேட்டார். ஆகவே டீக்கடைக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பும்ரா இல்லாத பர்மிங்காம் டெஸ்டில் இந்தியா 336 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த மைதானத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. ஆகாஷ் தீப் மட்டும் 10 விக்கெட் சாய்த்தார். பும்ரா திரும்பி வந்த லார்ட்ஸ் டெஸ்டில் 22 ரன்னில் தோல்வி. மான்செஸ்டரில் டிரா. ஓவலில் மறுபடி பும்ரா இல்லை. ஆகஸ்ட் 4-ந்தேதி இந்தியா 6 ரன்னில் ஜெயித்தது! தொடர் 2-2.

இது போதாதா? "அவன் இருந்தா தோக்கோம், இல்லேன்னா ஜெயிக்கோம்" என்று ராசி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அது தற்செயல் என்று டெண்டுல்கரே சொல்லிப் பார்த்தார். ராசி பார்க்கிறவனிடம் டெண்டுல்கர் சொன்னால் என்ன, தெண்டபாணி சொன்னால் என்ன!

மறந்துபோன 54 பந்துகள்

பந்து வீசிய கணக்கில் வாதி பக்கம் வலுவான சாட்சி ஒன்று உண்டு: முகமது சிராஜ். ஐந்து டெஸ்டிலும் ஆடினார். 185 ஓவருக்கு மேல் வீசி 23 விக்கெட் எடுத்தார். பும்ரா 3 டெஸ்டில் சுமார் 120 ஓவர், 14 விக்கெட். "அவனுக்கும் முதுகு உண்டுல்லா?" என்று கேட்டால் பதில் சொல்லத் திணறத்தான் வேண்டும்.

ஆனால் லார்ட்ஸில் கடைசி நாள் என்ன நடந்தது என்பதை வாதி கட்சி சொல்வதே இல்லை. ஜெயிக்க 193 ரன் வேண்டும். 8 விக்கெட் போய்விட்டது. ஜடேஜாவோடு நிற்க வந்தவர் பும்ரா. மட்டை பிடிப்பதில் அவர் சூரப்புலி அல்ல, எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்து பந்து வீச்சாளர்கள் ஓடி ஓடி வந்து உடம்பைக் குறிவைத்துப் போட்டார்கள். 54 பந்து நின்றார். எடுத்தது 5 ரன். சிரத்தை இல்லாத ஆசாமி 54 பந்து நிற்பாரா என்று யாராவது கேட்டதுண்டா?

முதுகுக்கு உள்ளே என்ன?

வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் நேரத்தில் முன்கால் தரையில் இடிக்கும். அப்போது தன் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்கி, இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறும். அதே நொடியில் உடம்பு ஒருபுறம் வளைந்து முறுக்கும். ஒரு தடவை என்றால் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு 100 தடவை, வருஷத்துக்குப் பல ஆயிரம் தடவை என்றால்? எலும்பில் தலைமுடி போலக் கீறல் விழும். விழுந்து உடையும் எலும்பு வேறு, உழைத்து உழைத்துக் கீறும் எலும்பு வேறு. இரண்டாவது வகை சொல்லாமல் கொள்ளாமல் வரும். வெளியே கட்டும் இல்லை, வீக்கமும் இல்லை. பார்க்கிறவன் கண்ணுக்கு ஆள் கல்லுக்குண்டு மாதிரிதான் தெரிவார்!

பும்ராவுக்கு இந்தக் கீறல் 2019-லேயே வந்தது. 2022-ல் முதுகு மறுபடி மக்கர் செய்ய, 20 ஓவர் உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன். ஏறக்குறைய 11 மாதம் மைதானத்துக்கு வெளியே.

அதற்குப் பிறகு 2024-25 ஆஸ்திரேலியத் தொடர். ஐந்து டெஸ்டிலும் ஆடினார். 151 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட்! கடைசி சிட்னி டெஸ்டின் இரண்டாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார். மறுநாள் ஆஸ்திரேலியா 162 ரன்னைத் துரத்தியபோது அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. சாம்பியன்ஸ் டிராபியும் போயிற்று.

ஐந்து டெஸ்டிலும் ஆடு என்கிறவர்கள் இந்த ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஐந்திலும் ஆடித்தான் பார்த்தார். பலன் சிட்னியில் தெரிந்தது.

சாஸ்திரி கேட்டதில் நியாயம் இருக்கிறது. எந்த 3 டெஸ்ட் என்று தேர்ந்தெடுத்ததில் தவறு இருந்திருக்கலாம். 0-1 என்று பின்தங்கியிருக்கும்போது முதல் ஆயுதத்தை உறையில் போடலாமா என்று கேட்கலாம். அது நிர்வாகத்தைக் கேட்கவேண்டிய கேள்வி. அதை விட்டுவிட்டு, 'அவனுக்கு நாட்டுப்பற்று இல்லை' என்று ஆளின் மனசுக்குள் புகுந்து பார்த்தவர் மாதிரிப் பேசுவதுதான் நமக்கு இடிக்கிறது.

கட்டுப்போட்ட கையோடு...

இதே தொடரில் வேறு இரண்டு காட்சிகள். மான்செஸ்டரில் வோக்ஸ் வீசிய பந்து ரிஷப் பந்தின் காலில் பட்டு எலும்பு முறிந்தது. வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் நொண்டிக்கொண்டே இறங்கி, விட்ட இடத்தில் இருந்து ஆடி அரை சதம் போட்டார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

ஓவலில் அதே வோக்ஸுக்குத் தோள் நழுவியது. ஜெயிக்கச் சில ரன்களே பாக்கி, கடைசி விக்கெட். இடது கையைக் கட்டி ஸ்வெட்டருக்கு உள்ளே செருகிக்கொண்டு, ஒற்றைக் கையில் மட்டையோடு வந்தார். ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்கவில்லை. ஒவ்வொரு ரன்னுக்கு ஓடும்போதும் வலியில் அவர் முகம் கோணியதை உலகமே பார்த்தது.

"இதுல்லா வீரம்! பும்ரா கத்துக்கணும்!" என்று நம்ம ரயிலில் முழக்கம்.

வீரம்தான். மறுக்கவில்லை. ஆனால் பந்த் அதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆட நவம்பர் ஆகிவிட்டது. வோக்ஸ் இங்கிலாந்துக்கு ஆடிய கடைசி ஆட்டமே அந்த ஓவல் டெஸ்ட். செப்டம்பர் மாதம் ஓய்வு அறிவித்துவிட்டார். கைதட்டியவர்கள் அன்று சாயந்திரமே வீட்டுக்குப் போனார்கள்.

தூத்தூர் கடற்கரையில் கேளுங்கள்

காயம் என்றால் என்ன என்று நம்ம மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிமுறையும் வர்மமும் பிறந்த மண் இது. சுளுக்கு, பிசகு என்றால் ஆசானைத் தேடிப் போய், தடவி, கட்டுப்போட்டு, பத்தியம் இருந்து எழுந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 'இத்தனை நாள் அசையப்பிடாது' என்று ஆசான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதையே கிரிக்கெட் டாக்டர் சொன்னால் மட்டும் நமக்குச் சந்தேகம்!

தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்களில் கால்பந்துதான் உயிர். அங்கே இரவிபுத்தன்துறையில் இருந்து கிளம்பியவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று படிப்படியாக ஏறி, 2019-ல் இந்திய அணிக்கும் ஆடியவர். 2020 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 20-ந்தேதி. புது சீசனின் முதல் ஆட்டம், கோவாவில், கேரள அணிக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசன் முழுக்க அவருக்கு அவ்வளவுதான். அணி இறுதி ஆட்டம் வரை போனது. அவர் களத்தில் இல்லை.

முட்டுக்குள்ளே ஏ.சி.எல். என்று ஒரு நார் இருக்கிறது. ஓடும்போது சட்டென்று திரும்பினால் காலை நிலையாகப் பிடித்து வைப்பது அதுதான். முழுசாக அறுந்தால் எண்ணெய் போட்டுத் தடவிச் சேர்க்க முடியாது. ஆளின் உடம்பில் வேறு இடத்து நாரை எடுத்துப் பொருத்த வேண்டும். அப்புறம் நடை பழகி, ஓட்டம் பழகி, மைதானத்துக்கு வர 9 மாதம், ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் காலையில் எழுந்து தனியாகக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வதற்கு டிக்கெட் வாங்கி யாரும் வருவதில்லை.

சம்பளமே இல்லாத பையன்

பும்ராவுக்காவது கோடிக்கணக்கில் பணம், பின்னால் டாக்டர் படை. ஒன்றும் வாங்காமல் ஆடுகிற பையன் என்ன செய்வான்?

அமெரிக்காவில் சயான் வில்லியம்சன் என்று ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீரர். டியூக் பல்கலைக்கழக அணி. 2019 பிப்ரவரி 20-ந்தேதி, முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவே பார்க்க வந்திருந்த ஆட்டம். தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் திரும்பிய வேகத்தில் காலில் கிடந்த நைக்கி ஷூ கிழிந்து பிளந்தது! முட்டில் சுளுக்கு. கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். இன்னும் நாலு மாதம் பொறுத்தால் தொழில்முறை அணியில் கோடிகள் காத்திருக்கின்றன. 'இனி ஆடாதே, ஒதுங்கிக்கொள்' என்று ஒரு கட்சி. 'சேர்ந்த அணியை நடுவில் விட்டுப்போவது துரோகம்' என்று இன்னொரு கட்சி. நம்ம ரயில் பெட்டியேதான், பாஷை மட்டும் வேறு!

அந்தப் பையன் மார்ச் 14-ந்தேதி திரும்பி வந்தார். கூடையை நோக்கி எறிந்தது 13, விழுந்தது 13. ஜூன் மாதம் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கதை நல்லபடியாக முடிந்ததால் 'விசுவாசமான பையன்' என்றார்கள். அன்று முட்டு முறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

நம்ம ஊர்க் கல்லூரி மைதானங்களுக்கு வாருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கிய பையன்கள் இருக்கிறார்கள். சர்ட்டிபிகேட் சேர்ந்தால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடத்துக்கு ஒரு வழி. பல்கலைக்கழகப் போட்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான். அந்த வாரத்தில் முட்டு வீங்கியிருந்தால் என்ன செய்வது? சொன்னால், 'பேடிச்சுட்டான்லே' என்பார்கள் கூட ஆடுகிறவர்கள். சொல்லாவிட்டால் வலி மாத்திரை, முட்டுக்கு ஒரு கேப். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லவே பயம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றைய வகுப்பும் போய்விடும், பயிற்சியும் போய்விடும்.

இவன் 3 ஆட்டம்தான் ஆடுவான் என்று முன்கூட்டி அறிவிக்க அஜித் அகர்கரா இருக்கிறார்? பயிற்சியாளர்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அவர் மனசு வைத்தால் உண்டு.

கடைசி விசாரணை

அதே ஆண்டு நவம்பர் 14-ந்தேதி. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். தென் ஆப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட். முதல் நாளே பும்ரா 27 ரன் கொடுத்து 5 விக்கெட்! எதிரணி 159-க்குச் சுருண்டது. அன்று சாயந்திரம் வடசேரியில் வாதி கட்சியே டீ வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தது. பும்ரா இருந்தும் இந்தியாவுக்கு 30 ரன்னில் தோல்வி. கேப்டன் சுப்மன் கில்லுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் இரண்டாவது இன்னிங்சில் மட்டை பிடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ரயில். வண்டி இரணியலை விடவில்லை, அதற்குள் ஜன்னலோரத்தில் இருந்து ஒரு குரல்:

"சாரே, கழுத்து பிடிச்சா கையால பேட் பிடிக்க முடியாதா?"