பிடியரிசியில் போன உபதேசியார்

குறிகாட்டுவான் துறையில் நிற்கும்போதே தெரிந்துவிடும், நெடுந்தீவுப் பயணம் வேறு ரகம் என்று. சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், மருந்துப் பெட்டி எல்லாம் மனிதரோடு சேர்ந்துதான் படகேறும். அந்த நெரிசலில், அங்கியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சாதாரணச் சட்டையோடு ஒரு பாதரும் நிற்பார். ஒரு மணி நேரக் கடல். சோளகக் காற்று பெயர்ந்த மாதங்களில் அந்த ஒரு மணி நேரமே போதும், காலையில் குடித்த தேத்தண்ணி வெளியே வந்துவிடும்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வேதக்காரருக்கு இந்தத் தீவு வெளிநாடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க மிசனார் 1815 ஒக்டோபரில் ‘டிரையாட்’ என்ற பாய்க்கப்பலில் ஏறி, ஐந்து மாதம் கடலில் கிடந்து, 1816 மார்ச்சில் கொழும்புக்கு வந்தார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டினார்கள். அவர்கள் கையில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1832இல் தங்களுக்கென்று ஒரு சுதேச சுவிசேஷச் சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கர் கடல் தாண்டி நம்மிடம் வந்ததுபோல நாமும் கடல் தாண்டி யாரிடமாவது போக வேண்டாமா என்ற எண்ணம் அதில் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த கடலுக்கு அப்பால் இந்தத் தீவுகள்தான். நெடுந்தீவு அவற்றுள் எட்டக் கிடந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உலை வைக்க அரிசி அளக்கும்போது பெண்கள் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைத்தார்கள். சில வளவுகளில் ஒரு மரத்தை நேர்ந்துவிட்டு, அதன் காய் முழுவதையும் மிசனுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்க மிசனாரை அனுப்பிய பொஸ்டன் நகரத்துப் பெரிய சங்கத்தின் டொலர் ஒரு பக்கம் இருக்கட்டும். சுதேசச் சங்கம் தீவுக்கு அனுப்பிய தமிழ் உபதேசியாரின் வயிற்றுக்கு இந்தப் பிடியரிசிதான் ஆதாரம். இதை வெளியுலகுக்கு எழுதிக் காட்டியவர்களில் மேரி, மார்கரெட் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள் இருவர் உண்டு. ஏழாண்டு யாழ்ப்பாண வாழ்க்கையைப் பற்றிய அவர்கள் நூல் 1890இல் வந்தது.

வெள்ளைக்கார ஐயர் காற்று சரியான மாதத்தில் வள்ளமேறி வருவார், கூட்டம் வைப்பார், பிரசங்கம் பண்ணுவார், திரும்பிவிடுவார். அங்கேயே குடும்பத்தோடு கிடந்தவர் உபதேசியார். பவளக்கல்லை அடுக்கிய மதிலுக்குள் ஓலை வீடு, உவர்க் கிணறு, நல்ல தண்ணிக்கு நடை, காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் வீடு வீடாகப் போய்க் கதைப்பது. வாடைக்காற்றில் வள்ளம் ஓடாத நாட்களில் ஒடியல் கூழ்தான் அவருக்கும், அவர் மனம் திருப்ப வந்த அயலாருக்கும். மிசன் அறிக்கைகளோ இப்படிப்பட்ட ஆட்களைச் ‘சுதேச உதவியாளர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடும். யார் யாருக்கு உதவினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் வந்தவர்களின் கதை வேறு. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்றார்கள். பவளக்கல்லில் அவர்கள் கட்டியதாகச் சொல்லும் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள்: வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். எல்லாம் கடலோடு போய்விட்டன. நெடுந்தீவின் ‘டெல்ஃப்ட்’ மட்டும் அரச கடிதங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒல்லாந்தப் போதகர்களில் பிலிப்பஸ் பால்டேயஸ் முக்கியமானவர். தமிழ் படித்தவர். யாழ்ப்பாணத்தையும் தீவுகளையும் அவற்றின் கோயில், பள்ளிக்கூடங்களையும் எழுதி 1672இல் அச்சிட்டவர். அக்காலத்தில் பள்ளிக்கூடமே கோயில், கோயிலே பதிவு அலுவலகம். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குக் குற்றப்பணம். அரச உத்தியோகம் வேண்டுமானால் தோம்பில் பெயர் வேண்டும். வீட்டில் பொங்கலும் தோம்பில் ஞானஸ்நானப் பெயருமாகச் சனம் சமாளித்தது. பேருக்குத்தான் கிறிஸ்தவர்கள் என்று பால்டேயஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். கத்தோலிக்கக் குருமாருக்கோ ஒல்லாந்தர் ஆட்சியில் இடமே இல்லை. கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ், இரவில் வீட்டுக்கு வீடு போய்ப் பூசை வைத்தார். 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்த வேடத்தின் கதையைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பிறகு வந்த ஆங்கிலேயர் காலம் முழுக்க மிசனின் கை பள்ளிக்கூடத்தில் இருந்தது. 1960இல் அரசு உதவி பெறும் பள்ளிகளை எடுக்கச் சட்டம் வந்ததும் அந்தக் கை விலகியது. பெயர்ப்பலகைகளில் மட்டும் ‘றோ.க.’, ‘அ.மி.’ என்ற எழுத்துகள் மிஞ்சின.

வெளியிலிருந்து இங்கு வந்துகொண்டிருந்த மிசன், இங்கிருந்து வெளியுலகுக்குத் திசை மாறியது எப்போது என்று கேட்டால் நான் தனிநாயகம் அடிகளைக் காட்டுவேன். 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்தவர். தகப்பன் வழி நெடுந்தீவு. சேவியர் என்ற பெயரோடு சேர்த்துக்கொண்ட ‘தனிநாயகம்’ அத்தீவின் முன்னோர் ஒருவருடைய பெயர். குருவான பிறகு வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை ஊன்றிப் படித்தார். பிறகு ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்கா என்று சுற்றினார். வேதம் சொல்லக் குருமார் போகும் வழியில் திருக்குறள் சொல்லிக்கொண்டு போன ஆள். புரொயென்சா பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் தூசி படிந்து கிடந்ததைக் கண்டெடுத்துத் திரும்ப வெளிக்கொண்டு வந்தவரும் அவரே. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். வெளியிலிருந்து வந்து நம் தமிழைப் படித்த பாதிரிமாருக்கு நெடுந்தீவு வழி வந்த ஒருவர் செய்த பதில் மரியாதை என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு போக்கு வேகம் பிடித்தது. 1847இல் ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபை, 1970களின் தொடக்கத்தில் இலங்கைக் குருமாரைப் பாகிஸ்தானுக்கு அனுப்பியது. யுத்தம் தொடங்கியதும் சனமே கப்பலேறியது. 1985 மே 15இல் நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, கடல் தாண்டுவது என்ற சொல்லுக்குத் தீவில் வேறு அர்த்தம் வந்துவிட்டது. சனத்தின் பின்னால் குருமாரும் போனார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் தமிழ்ப் பூசை வைக்க இங்கிருந்து சுவாமிமார் போகிறார்கள். ஆண்டுதோறும் ஓகஸ்டில் ஜெர்மனியின் கேவலார் மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான தமிழர் கூடுகிறார்கள், சைவர்களும் பட்டுச் சேலையோடு வருகிறார்கள்.

தீவில் மிஞ்சியிருப்போர் 4,000 அளவில்தான். இங்குள்ள பாதருக்கு இன்னொரு கடலும் உண்டு. கச்சதீவு நிர்வாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்தது. தமிழகத்து நம்புதாளைச் சீனிக்குப்பன் 1905இல் முதலில் கட்டியதாகச் சொல்லும் அங்குள்ள அந்தோனியார் கோயிலில் திருவிழா வந்தால், குடிதண்ணீர் முதற்கொண்டு எல்லாம் படகில் போக வேண்டும். இராமேசுவரத்துச் சனமும் யாழ்ப்பாணத்துச் சனமும் ஓரிரவு அங்கே ஒரே மணலில் படுத்திருந்து விடியப் பூசை கண்டு கலைவார்கள்.

மற்ற நாட்களில் பங்குமனையின் பெரிய வேலை பதிவேடுதான். ஒல்லாந்தர் தோம்பைத் திணித்தார்கள். இன்று சனம் அதைத் தேடி வருகிறது. பாரிசில் ஒரு பேத்திக்குக் கலியாணம், ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். உப்புக் காற்றில் மை பழுப்பேறிய பக்கங்களைப் பாதர் மெல்லப் புரட்டுகிறார். காதில் தொலைபேசி. “சூசைப்பிள்ளையா, யோசேப்பா, எப்பிடிப் பதிஞ்சிருக்கும் பிள்ளை?” மறுமுனையில் பிள்ளைக்குத் தெரியவில்லை, தாயைக் கூப்பிடுகிறது. தாய்க்கும் நிச்சயமில்லை. பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சிக்னல் பாதியில் நிற்கிறது. பூசைக்கு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கோயிலுக்குள் ஆறேழு கிழவிகள் ஏற்கெனவே வந்து இருந்துவிட்டார்கள்.